புகை திரும்பிய பக்கம்

தனசேகர் உலையின் இரும்புக் கதவைத் திறந்தபோது உள்ளே கங்கு கருத்துக் கிடந்தது. கம்பியை விட்டுக் கிளறினான். சாம்பலுக்கு அடியில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. அதன்மேல் தேங்காய்த் தொட்டியை அள்ளிப் போட்டு, வேலிக்காத்தான் விறகைச் சாய்த்துச் சாய்த்து அடுக்கினான். கார்த்திகைக் குளிர் முதுகைக் குத்தியது. முகம் அனலில் வெந்தது. இன்னும் கிழக்கு வெளுக்கவில்லை.

பக்கத்தில் காற்று ஊதும் புளோயர் கீச்சிட்டபடி சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பேரிங் தேய்ந்து வெகு நாளாகிவிட்டது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று நிற்கும். கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி சுற்றும். அது ஒழுங்காக ஓடினால் தீ தகதகவென்று எரியும். புகையை இழுத்துக் கூரைக்கு மேலே தள்ளிவிடும், சூடு மட்டும் தகரக் குழாய் வழியாகக் குஞ்சுக் கொட்டகைக்குள் போகும். அது தளர்ந்துவிட்டால் விறகு எரியாமல் புழுங்கும். புகை போக வழியில்லாமல் கிடைத்த சந்திலெல்லாம் கசியும்.

வெண்ணந்தூருக்கும் ராசிபுரத்துக்கும் நடுவே, அலவாய்மலை தெரிகிற மேட்டுக்காட்டில் இருந்தது அந்தக் கோழிப்பண்ணை. பொரித்து ஒரு நாளான குஞ்சுகளை அட்டைப் பெட்டிகளில் அடைத்து லாரி கொண்டுவந்து இறக்கும். தாய்க்கோழியின் சிறகைப் பார்த்திராத குஞ்சுகள். முதல் சில வாரங்கள் அவற்றுக்கு இந்த உலைதான் தாய். சூடு குறைந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். அதனால் இரவு பகல் பாராமல் யாராவது ஒருவர் விறகு போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது தனசேகர்தான்.

கொட்டகைக்குள் அவன் மனைவி தேவிப்ரியா குனிந்து நடந்துகொண்டிருந்தாள். ஆறாம் மாதம். உமி பரப்பிய தரையில் காலைத் தூக்கி வைக்க முடியாது; குஞ்சு மிதிபடும். தரையோடு தரையாகத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, மறு கையால் தண்ணீர்க் குவளைகளைக் கழுவி வைத்தாள், காகிதத்தின்மேல் தீவனத்தைத் தூவினாள், செத்த குஞ்சுகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள். எச்சத்தின் காரநெடி மூக்கில் ஏறியது. உள்ளே வியர்த்துக் கொட்டும்; வெளியே வந்தால் பனி. கல்யாணமாகி நான்கு வருடம் கழித்துத் தங்கிய கரு அது. கெங்கவல்லியில் இருக்கிற அவள் அம்மா, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பண்ணையில் புருஷன் பெண்டாட்டி இருவரும் சேர்ந்து வேலை செய்தால்தான் தங்க இடம் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

அந்த இடம் உலைக்குப் பின்னால் இருந்த லைன் வீடு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மூன்று அறைகள். உலையின் சுவரை ஒட்டிய முதல் அறை தனசேகருடையது. அடுத்ததில் ராசம்மாள் இருந்தாள். ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் இல்லை, முட்டை பொறுக்குவதில் பண்ணையிலேயே அவள் கைக்கு ஈடு கிடையாது. கடைசி அறையில் ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ராமும் அவன் மனைவியும். குளிர்காலத்தில் மற்ற இரு வீட்டாரும் முதல் அறையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். வேலை முடிந்து வந்ததும் தேவிப்ரியா இடுப்பு வலிக்கு அந்தச் சுவரில்தான் முதுகைச் சாய்த்து உட்காருவாள்.

அந்த வாரம் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. வாளி போதாமல் சாக்கில் அள்ளினார்கள். பண்ணை முதலாளி சிவக்குமார் அலறிப் புடைத்துக்கொண்டு வந்தார். நாற்பது வயதுக்காரர். அவருடைய அப்பா சென்னிமலைக் கவுண்டர் சைக்கிளில் முட்டை விற்று உண்டாக்கிய பண்ணை அது. சிவக்குமாரும் சின்ன வயதில் தீவன மூட்டை தூக்கியவர்தான். ஆட்களை நிற்கவைத்துத் திட்டுகிற வழக்கம் அவரிடம் இல்லை. ஆனால் குஞ்சு சாகும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

நாமக்கல்லிலிருந்து கால்நடை டாக்டர் வந்தார். தனசேகர் செத்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, டாக்டர் கத்தரியால் நெஞ்சைப் பிளந்து பார்த்தார். ஐந்தாறு குஞ்சு பார்த்த பிறகு நிமிர்ந்தார்.

“ரத்தத்தைப் பாருங்க, குங்குமம் கரைச்ச மாதிரி இருக்குது. இது சீக்கில்லீங்க. பொகை. விறகு சரியா எரியாம புழுங்குனா வர்ற பொகை. அதுல ஒரு வெசவாயு இருக்குது, கண்ணுக்குத் தெரியாது, வாசமும் வராது. மூச்சுல ஏறுனா அப்படியே தூக்கத்துலயே போயிரும். மொதல்ல அந்த புளோயரை மாத்துங்க.”

சிவக்குமார் தலையாட்டினார். டாக்டரின் கார் போனதும் யார் யாருக்கோ போன் செய்தார். புது புளோயர் கோயமுத்தூரிலிருந்து வரவேண்டும். முட்டை விலை சரிந்து கிடக்கிற நேரம். கடைசியில் ராசிபுரத்திலிருந்து ஒரு வெல்டிங் மிஸ்திரியைக் கூட்டிவந்தார். புகைக்குழாய் கொட்டகைச் சுவரை ஒட்டியே மேலே ஏறியது. அதன் பொத்தல்கள் வழியாகத்தான் உள்ளே கசிகிறது என்று மிஸ்திரி கண்டுபிடித்தான். அந்தக் குழாயை அறுத்து எடுத்துவிட்டு, குட்டையாக ஒரு குழாயைப் பின்பக்கமாகத் திருப்பிவிட்டால் கொட்டகைக்குள் புகை போகாது என்றான்.

மிஸ்திரி பற்றவைத்து முடிக்கும்வரை குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் தனசேகர். கை கடுத்தது, கண்ணில் பொறி தெறித்தது. பின்பக்கம் முட்டைத் தட்டோடு வந்த ராசம்மாள்தான் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க சாமி, அந்தப் பக்கந்தான எங்க ஊடு இருக்குது?”

“தெறந்த வெளிதான ராசம்மா, காத்துல கலைஞ்சு போயிரும். ஊட்டுக்குள்ளயா உட்டிருக்குது?” என்றார் சிவக்குமார். “இந்த பேட்ச் குஞ்சு போவட்டும். மோட்டாரோட புதுசா போட்டர்லாம்.”

குழாயைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கச் சொன்னான் மிஸ்திரி. தனசேகர் சாய்த்துப் பிடித்தான்.

மறுநாளிலிருந்து குஞ்சுகள் சாவது நின்றது.

வீட்டில் முதலில் மாறியவை துணிகள். கொடியில் போட்டவை காய்ந்து வரும்போது சாம்பல் பூத்திருந்தன. அப்புறம் பால் காய்ச்சினாலும் சோறு வடித்தாலும் ஒரு கருகல் வாசம். மார்கழி பிறந்து பனி இறங்கியதும் புகை மேலே எழும்பாமல் வாசலிலேயே படுத்துக் கிடந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் தனசேகர் சிமெண்டுச் சாக்குகளைத் திணித்தான். கண்ணெரிச்சல் குறைந்தது. அதைப் பார்த்து மற்ற இரு வீட்டாரும் அப்படியே செய்துகொண்டார்கள். புளோயர் தளர்ந்து தளர்ந்து ஓடியது. சுவர் விரிசலில், கதவிடுக்கில், கண்ணுக்குத் தெரியாமல் அந்த விஷவாயு வந்துகொண்டுதான் இருந்தது.

காலையில் எழுந்தால் எல்லோருக்கும் தலை கனத்தது. சுக்ராமின் மனைவி தண்ணீர்க் குடத்தோடு ஒருநாள் மயங்கி விழுந்தாள். ராசம்மாள் தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தேவிப்ரியாவுக்குத்தான் மோசம். அவள் கொட்டகை வேலையை ராசம்மாளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் அறையில் படுத்திரு, சூட்டில் கிட என்று அன்பாக அனுப்பிவைத்தாள். அங்கே அவளுக்கு வாந்தி, அசதி, எந்நேரமும் தூக்கம். மாசமான உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். ஊருக்கு வருகிற நர்சம்மா அவளை உட்காரவைத்து, வீட்டில் விறகடுப்பா என்று அக்கறையாகக் கேட்டார். கேஸ் அடுப்பு என்றாள் தேவிப்ரியா. உண்மையைத்தான் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் எரிவதை அவள் தன் வீட்டு அடுப்பாக நினைத்ததே இல்லை.

ஒருநாள் படுத்துக்கொண்டே சுவரைப் பார்த்தவள், இந்த வீட்டில் பல்லியே காணோமே என்றாள். தனசேகர் சிரித்தான்.

இரண்டு முறை அவர்கள் முதலாளியிடம் சொன்னார்கள். ஒருமுறை தனசேகர் சொன்னான், இன்னொருமுறை ராசம்மாள். இரண்டு முறையும் இந்த பேட்ச் முடியட்டும் என்பதுதான் பதில்.

மார்கழி பாதியில் ஒரு காலை, விறகு போட்டுவிட்டு வந்த தனசேகரிடம் தேவிப்ரியா, “வயித்துல அசைவே தெரியலைங்க” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அவன் உலைக் கரி படிந்த கையைத் துடைத்துவிட்டு அவள் வயிற்றில் வைத்துப் பார்த்தான். தினமும் அந்நேரத்துக்கு உதைக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை.

சிவக்குமார் தன் காரிலேயே கூட்டிப் போனார். அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பின் இருக்கையில் ராசம்மாள் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள் தேவிப்ரியா. ராசிபுரம் தாண்டியதும், தலைவலி விட்டுப்போச்சு என்று சொன்னாள். வாரக்கணக்கில் விடாத தலைவலி. ராசம்மாள் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு முருகனை வேண்டினாள்.

நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்துத் தேடினார்கள். இன்னொரு டாக்டர் வந்து அவரும் தேடினார். பிறகு தனசேகரை வெளியே அழைத்து, துடிப்பு இல்லை என்று சொன்னார்கள். அன்று சாயங்காலம் குழந்தை பிறந்தது. பெண். உருவெல்லாம் சரியாக இருந்தது. நகம்கூட முளைத்திருந்தது.

வயதான பெண் டாக்டர் ஒருவர், வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். தேவிப்ரியா இல்லை என்று தலையசைத்தாள். தனசேகர்தான் உலையைப் பற்றிச் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் குழாயைத் திருப்பிய இடத்தில் நின்றுவிட்டான். குங்குமம் கரைத்த மாதிரி என்று கால்நடை டாக்டர் சொன்னது அப்போதுதான் அவன் காதில் விழுந்தது போலிருந்தது.

“இதனாலதான்னு இப்ப என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா” என்றார் அந்த டாக்டர். “ஆனா அந்த ரூம்ல இனி இவ படுக்கக் கூடாது. யாருமே படுக்கக் கூடாது.”

குழந்தையைத் தனசேகரும் சுக்ராமும் வெண்ணந்தூர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். குழி வெட்டும்போது தனசேகர் கடப்பாரையை ஊன்றியபடி பாதியில் நின்றுவிட்டான். சுக்ராம் வாங்கி வெட்டினான். அவர்களுக்குள் பொதுவான மொழி கொஞ்சம்தான்; அன்று அதுவும் தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் தேவிப்ரியாவுக்குப் பால் சுரந்தது. துணியை நனைத்துக்கொண்டு வடிந்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணின் குழந்தை அழும்போதெல்லாம் கூடுதலாக வடிந்தது. ராசம்மாள் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டிவிட்டாள், பால் வற்றட்டும் என்று. அந்தப் பூவின் மணம் தேவிப்ரியாவுக்கு இன்றைக்கும் ஆகாது.

அவள் கெங்கவல்லிக்குப் போய் அம்மாவோடு இருந்தாள். முதலாளியம்மா மைதிலி பழமும் சத்து மாவும் கொடுத்தனுப்பினார். சிவக்குமாரும் தனசேகரின் தோளில் கை வைத்து, மனசைத் தேற்றிக்கொள், வயசிருக்கிறது, இன்னொன்று பிறக்கும் என்றார். மனதாரத்தான் சொன்னார். புளோயரைப் பற்றி மட்டும் அவர் வாயில் வரவில்லை.

குஞ்சுகள் வளர்ந்து பெரிய கொட்டகைக்கு மாறிப்போயின. உலை அணைந்தது. தை பாதியில் தேவிப்ரியா திரும்பி வந்தாள். இளைத்திருந்தாள். முன்புபோல் பேச்சு இல்லை. அறைக்குள் நுழைந்து, சுவரோரம் உட்காரப் போனவள், சுவரைப் பார்த்துவிட்டு நடுவில் உட்கார்ந்தாள்.

அடுத்த பேட்ச் வருகிற நாளைச் சொல்லிவிட்டார்கள். கொட்டகையைக் கழுவினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், புது உமி பரப்பினார்கள், சுற்றிலும் புதுப் படுதா கட்டினார்கள். ஓர் ஆள் வந்து புளோயருக்கு கிரீஸ் வைத்து, மேலே பச்சை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனான். தனசேகர் சுவிட்சைப் போட்டுப் பார்த்தான். அதே கீச்சொலி. குழாயின் வாய் அதே பக்கம் திறந்திருந்தது.

அன்று மாலை அவன் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். தேவிப்ரியா தேடிக்கொண்டு வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே, அந்தக் குழாயைத் திருப்பும்போது பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் என்றான். கால்நடை டாக்டர் புகையைப் பற்றிச் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டதும் நான்தான் என்றான். இவ்வளவு நாளும் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிணற்றுக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அழுதாள். அவன் தொடப் போனபோது கையை விலக்கினாள். பிறகு அவளே அந்தக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நீங்க புடிக்கலைன்னா இன்னொருத்தன் புடிச்சிருப்பான்” என்றாள். “அந்த நேரத்துல நாம யாருமே கையை எடுக்கலை. இனிமேயும் புடிக்கப் போறோமான்னு மட்டும் சொல்லுங்க.”

அடுத்த நாள் வேலை முடிந்ததும் மூன்று வீட்டாரும் தண்ணீர்த் தொட்டியருகே கூடினார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்துபோகிற பெண்கள் சிலரும் பஸ்ஸை விட்டுவிட்டு நின்றார்கள். ராசம்மாள் பயந்தாள். துரத்திவிட்டால் தனக்குப் போக இடமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னாள். அதைவிட அவளை உறுத்தியது குஞ்சுகள். வாயில்லாச் சீவன் குளிரில் செத்தால் அந்தப் பாவம் நம்மைத்தானே சேரும் என்றாள். ஆயிரக்கணக்கில் கையால் எடுத்து வளர்த்தவள் அவள்.

அதற்குத் தேவிப்ரியா பதில் சொன்னாள். ஊருக்குப் போய்வந்த பிறகு அவள் நாலு பேர் நடுவில் பேசியது அதுதான் முதல் தடவை.

“குஞ்சு வந்து எறங்குனதுக்கு அப்புறம் கேட்டா, குஞ்சு சாவும்னு சொல்லியே நம்ம கையைக் கட்டிப்புடுவாங்க. எறங்கறதுக்கு முந்தியே கேக்கணும். நம்மால ஒரு குஞ்சும் சாவக் கூடாது. நம்மளும் சாவக் கூடாது.”

சுக்ராம் தன் மனைவியிடம் அதை அவர்கள் மொழியில் சொன்னான். அவள் எழுந்து வந்து தேவிப்ரியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தான் மயங்கி விழுந்த இடத்தைக் கையால் காட்டினாள்.

மறுநாள் காலை ராசம்மாள்தான் எல்லோருக்குமாக முதலாளிக்குப் போன் செய்தாள். புளோயர் மாற்றினால்தான் உலை பற்றவைப்போம், அதுவரை குஞ்சு அனுப்பச் சொல்லாதீர்கள் என்று பக்குவமாகச் சொன்னாள். சரி சரி, பார்க்கலாம் என்று அவர் வைத்துவிட்டார். ஏதோ மனத்தாங்கல், நேரில் வந்து ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பார் போல.

குஞ்சு லாரி வந்தது அடுத்த விடியலில். அதன் பின்னாலேயே சிவக்குமாரின் காரும் வந்தது. பெட்டிகளுக்குள்ளிருந்து மழைபோல ஒரே இரைச்சல். உலை வாசலில் எல்லோரும் நின்றிருந்தார்கள்.

“ஏப்பா தனசேகரு, பத்த வெக்கலியா?”

“இல்லீங்க. புளோயரு மாத்துனாத்தான் பத்த வெப்போமுங்க.”

“வெப்போமா? எத்தன பேரு நீங்க?”

“எல்லாருந்தான் சாமி” என்றாள் ராசம்மாள். அவள் குரல் நடுங்கியது. ஆனால் நகரவில்லை.

சிவக்குமார் எரிச்சலை அடக்கிக்கொண்டு நியாயம் பேசினார். முட்டை விலை கிடக்கிற கிடை உங்களுக்கே தெரியும் என்றார். தீவன விலையைச் சொன்னார், பேங்க்காரன் வருவதைச் சொன்னார். எல்லாம் நிஜம்தான். கேட்டுக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர் தேவிப்ரியா பக்கம் திரும்பினார்.

“கொழந்த போனதுக்கு நானும் வருத்தப்பட்டேன். எங் காருலதான கூட்டிட்டுப் போனேன். இன்னும் நான் என்ன பண்ணோணும்ங்கற?”

“புளோயரை மாத்தணும். பைப்பை மேல தூக்கி விடணும். அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல யாரையும் குடி வைக்கக் கூடாது. இவ்வளவுதாங்க.”

“பொகையாலதான்னு டாக்டரு உனக்கு எழுதிக் குடுத்தாரா?”

“எனக்கு எழுதிக் குடுக்கலைங்க” என்றாள் தேவிப்ரியா. “குஞ்சுக்குச் சொன்னாருங்களே. நீங்க கேட்டுக்கிட்டுத்தான நின்னீங்க?”

சிவக்குமாரின் காது சிவந்தது. ஒருகணம் அவர் தலை குனிந்ததைத் தனசேகர் பார்த்தான். இத்தோடு இறங்கிவிடுவார் என்றுகூட நினைத்தான். ஆனால் லாரிக்குள் குஞ்சுகளின் சத்தம் ஓங்கியது. அவர் நிமிர்ந்தபோது வேறு ஆளாக இருந்தார்.

சாயங்காலத்துக்குள் வடக்கிலிருந்து பத்துக் குடும்பம் இறக்குவேன் என்றார். “சுக்ராமு, உங்க ஏஜென்டுக்குப் போனப் போடு” என்றார்.

சுக்ராம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னான். “நான் போன் பண்ணும். ஊர்ல எல்லாருக்கும் சொல்லும். இங்க வராதேன்னு சொல்லும்.”

லாரி டிரைவர் சரவணமுத்து இவ்வளவு நேரமும் வண்டியில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தவன், நடந்துபோய்ப் படுதாவை விலக்கி, கொட்டகைக்குள் கையை நீட்டிப் பார்த்தான். திரும்பி வந்து, குஞ்சு அனுப்பிய கம்பெனிக்குப் போன் போட்டு நிலைமையைச் சொன்னான்.

“சூடில்லாத செட்டுல குஞ்ச எறக்க முடியாதுங்க. மல்லூர்ப் பக்கம் ஒரு பண்ணைல எடம் காலியா இருக்குதாமா, அங்க கொண்டுபோகச் சொல்லீட்டாங்க. நான் வாரேனுங்க” என்று முதலாளியிடம் சொன்னான். வண்டியில் ஏறும்போது ராசம்மாளைப் பார்த்து, குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். ராசம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லாரி மண்ரோட்டில் திரும்பிப் போனது. அந்த இரைச்சல் தேய்ந்து அடங்கியதும் பண்ணை முழுக்க ஒரு வெறுமை. சிவக்குமார் வெறும் கொட்டகையைப் பார்த்தார். பிறகு ஆட்களைப் பார்த்தார்.

“இன்னைக்கே ரூமைக் காலி பண்ணுங்க. ஒருத்தரும் இருக்கக் கூடாது” என்றார். காரின் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ராசம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போக இடமில்லை என்று அவள் சொன்னது எல்லோர் மனதிலும் இருந்தது. தனசேகர் அறைக்குள் போனான். பாத்திரங்களை ஒரு சாக்கில் போட்டான், பாயைச் சுருட்டினான். ஒரு மூலையில் குழந்தைக்கென்று தேவிப்ரியா கிழித்துத் துவைத்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிகள் இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். தேவிப்ரியா வந்து அவன் கையிலிருந்து அவற்றை வாங்கிக்கொண்டாள்.

“காலி பண்ணச் சொன்னாரு, பண்ணியாச்சு” என்றாள். “எங்க போகணும்னு அவரு சொல்லலை.”

அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே நடந்தாள். புதுப் படுதாவை விலக்கிக் குஞ்சுக் கொட்டகைக்குள் போனாள். சுண்ணாம்பு மணத்தது. உமி கணுக்கால் வரைக்கும் மெத்தென்று கிடந்தது. மேற்கு மூலையில் உமியைக் காலால் ஒதுக்கி இடம் பண்ணினாள். பின்னாலேயே தனசேகர் பாயோடு வந்தான். சுக்ராமின் மனைவி குடத்தோடு வந்தாள். சுக்ராம் ராசம்மாளைக் கைகொடுத்து எழுப்பி, அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தான். ஊர்ப் பெண்கள் அன்று முட்டை பொறுக்கினார்கள், பெரிய கோழிகளுக்குத் தீவனமும் தண்ணீரும் வைத்தார்கள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் உலைப்பக்கம் யாரும் போகவில்லை.

மத்தியானம் சிவக்குமார் வந்து படுதாவை விலக்கிப் பார்த்தார். போலீசுக்குச் சொல்வேன் என்றார். சொல்லுங்கள், அவர்களையும் அந்த அறையில் ஒருநாள் படுத்துப் பார்க்கச் சொல்லலாம் என்றான் தனசேகர். எதிர்த்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. அவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். போலீஸ் வருமா, அடியாள் வருவானா, புளோயர் வருமா, எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குச் சாப்பாடும் யாருக்கும் சரியாக இறங்கவில்லை. தேவிப்ரியா மூலையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அந்த மடித்த துணிகள்தான் தலைக்கு.

பொழுது சாயும் நேரத்தில் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. முதலாளியின் ஆட்கள் என்று நினைத்து எல்லோரும் எழுந்தார்கள். வந்தவர்கள் பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்கிறவர்கள். ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் பெண்கள். கூலி வேலை உடுப்போடு, தலையில் கட்டிய துண்டோடு வரப்பு வழியாக வந்திருந்தார்கள். சரவணமுத்து போகிற வழியில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனானாம். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. எங்கள் பண்ணையிலும் உலைக்குப் பக்கத்தில்தான் வீடு, என் பிள்ளைக்கும் காலையில் எழுந்தால் தலை நிற்பதில்லை, பால் குடித்ததைக் கக்குகிறது என்றாள். மாதக்கணக்கில் இதைச் சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாளாம். பேசும்போது அவள் தேவிப்ரியாவைத்தான் பார்த்தாள்.

நாளைக்கு எல்லோரும் சேர்ந்து நாமக்கல் போய்த் தொழிலாளர் அலுவலகத்தில் சொல்லலாம் என்று ஒருவர் சொன்னார். அங்கே போனால் நடக்குமா என்று இன்னொருவர் கேட்டார். நடக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பண்ணையிலும் தனித்தனியாகச் சாவதற்கு இது மேல் என்றாள் ராசம்மாள். போவது என்று முடிவானது.

கைக்குழந்தை சிணுங்கியது. தேவிப்ரியா காதைப் பொத்திக்கொள்வாளோ என்று தனசேகர் பயந்தான். அவள் எழுந்து உட்கார்ந்தாள். கன்னம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. தலைக்கு வைத்திருந்த துணியில் ஒன்றை உருவி, உதறி, அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

“உமி குத்தும், இதை விரிச்சுப் பிள்ளையைக் கெடத்துங்க” என்றாள். “இங்க காத்து நல்லா இருக்கு.”